கண்காட்சிக்குப் போன பாட்காஸ்ட் குழு: ஒரு நிகழ்வு ஆய்வு

தஞ்சைப் பகுதியில் இயங்கும் சிறிய தமிழ் பாட்காஸ்ட் குழு ஒன்று, 2024ல் ஒலிபரப்புத் துறையோடு மூன்று முறை நேருக்கு நேர் நிற்க வேண்டி வந்தது. ஒன்று தொழில் கண்காட்சி, இன்னொன்று எப்எம் ஒப்பந்தம், மூன்றாவது ஒரு சட்ட வரைவு. அந்தக் காலத்தில் அவர்களுக்கு ஒலிப்பதிவு ஆலோசகராக இருந்த நான் பார்த்தவற்றையும் அவர்கள் சொன்னவற்றையும் இங்கே பதிவு செய்கிறேன். பெயர்களும் ஊர்களும் தவிர்க்கப்பட்டுள்ளன.

பின்னணி

குழுவில் மூன்று பேர். தொகுத்துப் பேசுபவர் வேளாண்மை படித்த பெண், முப்பதுகளில் இருப்பவர். எடிட்டர் அவருடைய கல்லூரித் தோழர். பகலில் வேறு வேலை, இரவில் எடிட்டிங். மூன்றாமவர் ஆகாசவாணியின் பொறியியல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மற்ற இருவருக்கும் அவர் ‘சார்’; அவருக்கு அவர்கள் ‘தம்பி’யும் ‘அம்மா’வும்.

நிகழ்ச்சி காவிரிப் படுகையின் அன்றாடத்தைப் பற்றியது. வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சும் நீர்க்கட்டிகள், கடைமடை விவசாயிகள், விதைநெல் சேர்ப்பவர்கள், நடவு வேலைக்குப் போகும் பெண்கள் எனப் பலர் பேசுவார்கள். ஸ்டுடியோ கிடையாது. வரப்பு, டீக்கடை, பம்புசெட் கொட்டகை இவைதான் ஒலிப்பதிவுக் கூடம். கேட்பவர்களில் பெரும்பாலோர் பஸ்ஸிலோ வயலிலோ போனில் கேட்கிறவர்கள்.

இளையவர்கள் இருவருக்கும் ஒலிபரப்புத் துறை மேல் நல்ல அபிப்பிராயம் இல்லை. தொகுப்பாளர் கொஞ்ச காலம் ஒரு தனியார் எப்எம்மில் இருந்தவர். இரண்டு பாட்டுக்கு நடுவே அரை நிமிடம் பேசுவதுதான் அங்கே நிகழ்ச்சி என்பார். எடிட்டரின் வாதம் இன்னும் நேரடியானது. அலைவரிசை ஏலம், டவர், உரிமக் கட்டணம் எல்லாம் இருந்தால்தான் பேச முடியும் என்ற காலம் முடிந்துவிட்டது. ஓர் ஒலிக்கோப்பும், புது எபிசோடைக் கேட்பவரின் செயலிக்குத் தானாகக் கொண்டுசேர்க்கும் ஆர்எஸ்எஸ் ஃபீடும் போதும், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்பார். சுயேச்சையாகப் பாட்காஸ்ட் செய்பவர்கள் பலரிடம் இதே பேச்சைக் கேட்டிருக்கிறேன்.

சார் இதை ஒப்புக்கொண்டதில்லை. அவர் எடுத்து வைப்பது ஆடுதுறை 27 கதையை. 1960களில் அந்தக் குறுகிய கால நெல் ரகத்தைத் திருச்சி வானொலியின் பண்ணை ஒலிபரப்பு தஞ்சை மாவட்டமெங்கும் கொண்டு சேர்த்தது. விவசாயிகள் அதை ரேடியோ நெல் என்றே சொன்னார்கள். “ரேடியோ செத்துப்போச்சுன்னு சொல்லலாம் தம்பி. அது எப்படி உசுரோட இருந்துச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டுச் சொல்லுங்க” என்பது அவர் பதில். இந்த வாக்குவாதம் குழு தொடங்கிய நாளிலிருந்தே உண்டு. 2024ல்தான் அது முடிவெடுக்க வேண்டிய விஷயமாக மாறியது.

கோடையில் சேர்ந்துகொண்ட சிக்கல்கள்

அந்த ஆண்டு மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12ல் திறக்கப்படவில்லை. ஜூலை 28ல்தான் தண்ணீர் விட்டார்கள். குறுவை போட முடியாமல் நின்றவர்கள், போர்வெல்லை நம்பி நாற்று விட்டவர்கள், தண்ணீர் வந்தும் கடைமடைக்கு வந்து சேராதவர்கள் என்று குழு தொடர்ந்து பதிவு செய்தது. அதுவரை இல்லாத அளவுக்குப் பலர் கேட்டார்கள். கூடவே புகார்களும் வந்தன.

முதல் புகார் சத்தம். பஸ்ஸில் கேட்டால் விவசாயியின் குரல் காதில் விழுவதில்லை, கூட்டி வைத்தால் தொகுப்பாளரின் குரல் காதைப் பிளக்கிறது என்றார்கள். இரண்டாவது பாட்டு. ஓர் எபிசோடின் நடுவே பழைய சினிமாப் பாட்டு ஒன்றின் சில விநாடிகளைப் போட்டிருந்தார்கள். உரிமை கோரிக்கை வந்து அந்த எபிசோட் ஒரு தளத்திலிருந்து நீக்கப்பட்டது. எப்எம்மில் நாள் முழுக்க ஓடும் பாட்டைத் தாங்கள் பத்து விநாடி போட்டால் என்ன குற்றம் என்று எடிட்டருக்குக் கோபம்.

இந்த நேரத்தில்தான் இரண்டு அழைப்புகள் வந்தன. ஒரு தனியார் எப்எம் நிலையம் இந்த நிகழ்ச்சியை வாரம் அரை மணி நேரம் ஒலிபரப்பலாமா என்று கேட்டது. ஒரு கருவி விற்பனையாளர், அக்டோபரில் மும்பையில் நடக்கும் ஒலி-ஒளிபரப்புத் தொழில் கண்காட்சிக்கு வந்து தன் ஸ்டாலில் உட்கார்ந்து நேரடியாகப் பாட்காஸ்ட் செய்துகாட்ட முடியுமா என்று கேட்டார். போக்குவரத்தும் தங்கும் செலவும் அவருடையது.

போவதா, எப்படிப் போவது

எடிட்டர் போகவே வேண்டாம் என்றார். அவர் காரணத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒலிபரப்புத் துறையின் கண்காட்சிகள் வாங்குபவருக்கும் விற்பவருக்கும் நடுவே நடப்பவை. அமெரிக்க ஒலிபரப்பாளர் சங்கம் லாஸ் வேகாஸில் நடத்தும் என்ஏபி ஷோ ஆகட்டும், ஆம்ஸ்டர்டாமில் நடக்கும் ஐபிசி கண்காட்சி ஆகட்டும், அங்கே வருகிறவர்கள் நிலையங்களையும் நெட்வொர்க்குகளையும் நடத்துகிறவர்கள். பாட்காஸ்ட்காரர்கள் அங்கே சேர்ந்துபோனதும் உண்டு. வலைப்பதிவர்களும் பாட்காஸ்ட்காரர்களும் கூடிவந்த நியூ மீடியா எக்ஸ்போ, 2015 ஏப்ரலில் என்ஏபி ஷோவோடு சேர்த்து நடத்தப்பட்டது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே டல்லாஸில் பாட்காஸ்ட் மூவ்மெண்ட் என்ற தனி மாநாடு தொடங்கிவிட்டது. தங்களுக்கென்று ஒரு கூடம் இருக்கும்போது அடுத்தவர் சந்தையில் ஓரமாக நிற்பானேன் என்ற கேள்வி அங்கேயும் இருந்திருக்கும்.

விவாதத்துக்குப் பிறகு எடுத்த முடிவு: போவது, ஆனால் சொந்தச் செலவில், பார்வையாளராக. ஸ்டாலில் உட்காருவதில்லை. இதற்குத் தொகுப்பாளர் சொன்ன காரணம் முக்கியமானது. ஒரு கம்பெனியின் மைக்குக்குப் பின்னால் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டால், அப்புறம் அந்த மைக் நன்றாக இல்லை என்று நேயர்களிடம் சொல்ல முடியாது. பார்வையாளர் பதிவுக்குக் கட்டணம் இல்லாததால் செலவு ரயிலும் லாட்ஜும்தான்.

போகுமுன் சார் ஒரு தாளில் மூன்று கேள்விகளை எழுதச் சொன்னார். நம் ஒலி ஏன் பஸ்ஸில் கேட்பதில்லை? பாட்டு உரிமையை ரேடியோக்காரர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்? எப்எம் கேட்டால் என்ன நிபந்தனையில் கொடுப்பது? சும்மா சுற்றிப் பார்த்துவிட்டு வரக் கூடாது என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார்.

கூடத்தில் கண்டது

முதல் நாள் ஏமாற்றம்தான். கிரேனில் ஏறி இறங்கும் கேமராக்கள், சுவர் உயர எல்இடி திரைகள், பிளேஅவுட் சர்வர்கள், செயற்கைக்கோள் இணைப்புகள். விற்பனைப் பிரதிநிதிகள் கேட்ட முதல் கேள்வி “எந்த சேனல்?” என்பது. பாட்காஸ்ட் என்றதும் சிலர் முகம் மலர்ந்தது. ஆனால் அவர்கள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியது நான்கு கேமரா ஸ்விட்சர், சோபா, பின்னணியில் நியான் எழுத்து, இரண்டு பெரிய மைக் உள்ள வீடியோ செட். இன்றைக்குச் சந்தையில் பாட்காஸ்ட் என்றாலே இதுதான். வரப்பில் உட்கார்ந்து ஒருவரிடம் பேச்சுக் கொடுக்கிறவருக்கு அங்கே விற்க அதிகம் எதுவும் இல்லை. காற்றுச் சத்தத்தை அடக்கும் மைக் உறை விற்ற ஒரு சிறிய ஸ்டாலில்தான் அவர்கள் முதலில் பர்ஸைத் திறந்தார்கள்.

எடிட்டர் இதை அவமதிப்பாக எடுத்துக்கொண்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று இடவாடகை கொடுத்து நிற்கிறவர், லட்சக்கணக்கில் வாங்குபவரைத்தான் தேடுவார். அதில் வெறுப்பும் இல்லை, மரியாதைக் குறைவும் இல்லை. ஆனால் சுயேச்சைப் பாட்காஸ்ட்காரர்கள் ஒலிபரப்புத் துறையைப் பற்றி உருவாக்கிக்கொள்ளும் பிம்பம் பெரும்பாலும் இந்த விற்பனைத் தளத்தைப் பார்த்து வருவது. துறையின் வேலை நடப்பது வேறு இடத்தில்.

அந்த வேறு இடத்தை இரண்டாம் நாள் சார் கண்டுபிடித்தார். ஒலி அளவீட்டுக் கருவி விற்கும் ஒரு ஸ்டாலில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூட்டம் குறைந்தபோது, அங்கிருந்த பொறியாளரிடம் தங்கள் எபிசோட் ஒன்றைப் போட்டுக் காட்டினார். கோப்பைப் பார்த்த பொறியாளர் சிக்கலைச் சீக்கிரமே சொல்லிவிட்டார். எடிட்டர் ஒலியை உச்ச அளவை வைத்துச் சமப்படுத்திக்கொண்டிருந்தார். பம்புசெட் மோட்டார் கிளம்பும் ஒரு கணம் உச்சத்தைத் தொட்டுவிட்டால் போதும், மொத்தக் கோப்பும் அதற்குக் கட்டுப்பட்டுத் தாழ்ந்து நிற்கும். காது உணர்வதோ உச்சத்தை அல்ல, சராசரி உரப்பை, அதாவது மொத்தத்தில் எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பதை.

ஒலிபரப்புத் துறை இந்தச் சண்டையை எப்போதோ போட்டு முடித்துவிட்டது. ஒரு நிகழ்ச்சிக்கும் அடுத்த விளம்பரத்துக்கும் நடுவே ரிமோட்டைத் தேட வேண்டிய தொல்லையால்தான் ஐரோப்பிய ஒலிபரப்புச் சங்கம் 2010ல் ஆர் 128 என்ற பரிந்துரையைக் கொண்டுவந்தது. அதன்படி சராசரி உரப்பு மைனஸ் 23 எல்யூஎஃப்எஸ் (உரப்பை அளக்கும் அலகு; எண் பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சத்தம் கூடும்). பாட்காஸ்ட்டுக்கு அது போதாது. போனில், வெளிச் சத்தத்துக்கு நடுவே கேட்பதால் ஆப்பிள் மைனஸ் 16ஐப் பரிந்துரைக்கிறது, ஸ்பாட்டிஃபை மைனஸ் 14க்குச் சமப்படுத்துகிறது. குழுவின் கோப்பு மைனஸ் 26ஐ ஒட்டி இருந்தது. இதை அளக்கும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அந்தப் பொறியாளர் தன் கருவியை விற்க முயலாமல் அதைத்தான் சொல்லி அனுப்பினார்.

பாட்டுக் கேள்விக்கும் அன்றைக்கே விடை கிடைத்தது, விடை இனிக்கவில்லை. 2012 திருத்தத்தில் பதிப்புரிமைச் சட்டத்துக்கு வந்த 31டி பிரிவின்படி, வானொலியும் தொலைக்காட்சியும் முன்னறிவிப்புக் கொடுத்து, நிர்ணயித்த கட்டணம் கட்டினால் வெளியான பாடல்களை ஒலிபரப்பலாம். உரிமையாளர் ஒவ்வொருவரிடமும் போய் நிற்க வேண்டாம். இந்தச் சலுகை இணையச் சேவைகளுக்குப் பொருந்தாது என்று மும்பை உயர் நீதிமன்றம் 2019ல் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது; 2022ல் மேல்முறையீட்டிலும் அதுவே உறுதியானது. ஆக, எப்எம்காரருக்குத் திறந்த கதவு பாட்காஸ்ட்காரருக்குத் திறக்காது. பத்து விநாடி வரை போட்டுக்கொள்ளலாம் என்று ஊரெல்லாம் சொல்வார்களே, அப்படி ஒரு விதி சட்டத்தில் கிடையாது.

எப்எம் ஒப்பந்தம்

ஊர் திரும்பிய பிறகு எப்எம் நிலையத்தின் ஒப்பந்த நகல் வந்தது. அதில் இரண்டு விஷயங்கள் உறுத்தின.

ஒன்று உரிமை. எல்லா எபிசோடுகளும் எல்லா ஊடகங்களிலும் உலகம் முழுவதும் நிரந்தரமாக நிலையத்துக்குச் சொந்தம் என்று இருந்தது. காலத்தைக் குறிப்பிடாமல் விட்டால் சட்டப்படி ஐந்து ஆண்டு என்று கொள்ளப்படும். அதனால்தான் ‘நிரந்தரம்’ என்று எழுதியே கேட்கிறார்கள். பதிலுக்குக் கொடுப்பதாகச் சொன்ன தொகை பெரிதல்ல. ஆனால் அந்த மாதங்களில் குழுவுக்கு வந்துகொண்டிருந்த வருமானம் ஒரு நாற்றுப் பண்ணையின் சிறு விளம்பரம் மட்டுமே என்பதால், அதைச் சுலபமாகத் தள்ளவும் முடியவில்லை.

இன்னொன்று உள்ளடக்கம். நிலையம் கேட்டது நாட்டுப்புறப் பாட்டு, விதை, சமையல், திருவிழா பற்றிய எபிசோடுகள். மேட்டூர் தாமதத்தைப் பற்றிய வரிசை வேண்டாம் என்றார்கள். இளையவர்கள் இதைக் கோழைத்தனம் என்றார்கள். சார்தான் விதியை விளக்கினார். தனியார் எப்எம் சொந்தமாகச் செய்தி ஒலிபரப்ப இந்தியாவில் அனுமதி இல்லை. தனியார் எப்எம்முக்காக அரசு 2011ல் கொண்டுவந்த மூன்றாம் கட்டக் கொள்கை, ஆகாசவாணியின் செய்தி அறிக்கையை மாற்றாமல் அப்படியே ஒலிபரப்ப மட்டும் இடம் கொடுத்தது. வானிலை, போக்குவரத்து, தேர்வு முடிவு, குடிநீர் மின்சாரம் பற்றிய அறிவிப்பு போன்றவை செய்தியாகக் கருதப்படாது. அதன்படி, அணை எந்தத் தேதியில் திறக்கிறது என்ற அறிவிப்பைச் சொல்லிவிட்டுப் போகலாம். தண்ணீர் ஏன் வரவில்லை, யார் பொறுப்பு என்று ஒரு விவசாயி பதினைந்து நிமிடம் பேசினால் அது நடப்பு விவகாரம். உரிமத்தை வைத்திருப்பவர் அந்த ஆபத்தை எடுக்க மாட்டார்.

என் பார்வையில் இந்த நிகழ்விலேயே கனமான பகுதி இதுதான். ரேடியோ ஏன் பாட்டும் அரட்டையுமாக இருக்கிறது என்று பாட்காஸ்ட்காரர்கள் கேலி செய்கிறார்கள். அதில் பாதியாவது ரசனைக் குறைவால் வந்ததல்ல, உரிம நிபந்தனையால் வந்தது. தொகுப்பாளர் இதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. தான் எப்எம்மை விட்டு வந்த காரணமே வேறு மாதிரி தெரிகிறது என்று பிறகு என்னிடம் சொன்னார்.

அந்த ஆண்டு இதே கயிறு தங்கள் கழுத்துக்கும் வருமோ என்ற அச்சமும் இருந்தது. 2023 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட ஒலிபரப்புச் சேவைகள் ஒழுங்குமுறை மசோதா வரைவும், 2024ல் பேசப்பட்ட அதன் திருத்த வடிவமும் இணையத்தில் நடப்பு விவகாரங்களைப் பேசுகிறவர்களையும் ஒலிபரப்பாளர் வரையறைக்குள் இழுக்கலாம் என்று சுயேச்சை ஊடகத்தினர் எதிர்த்தார்கள். கருத்துச் சொல்வதற்கான காலக்கெடுவை 2024 அக்டோபர் 15 வரை நீட்டித்து, புதிய வரைவு வெளியிடப்படும் என்று ஆகஸ்டில் அமைச்சகம் அறிவித்தது. குழுவும் தன் கருத்தை ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பியது. சார் கையெழுத்திட்டார், மறுபேச்சு இல்லாமல்.

எடுத்த முடிவுகள்

ஒப்பந்தத்தை அப்படியே ஏற்கவில்லை, மறுக்கவும் இல்லை. தேர்ந்தெடுத்த எபிசோடுகளுக்கு ஓராண்டு ஒலிபரப்பு உரிமம் மட்டும் தருவதாகவும், உரிமை தங்களிடமே இருக்கும் என்றும், நிகழ்ச்சியின் பெயரைத் தொடக்கத்திலும் முடிவிலும் சொல்ல வேண்டும் என்றும் மாற்று நகல் அனுப்பினார்கள். வழக்கறிஞர் ஒருவர் நட்புக்காகப் பார்த்துக் கொடுத்தார்.

அந்த நகலைத் தயாரிக்கும்போதுதான் இன்னொரு ஓட்டை தெரிந்தது. பேசிய விவசாயிகளிடம் வாய்வார்த்தையாக மட்டுமே சம்மதம் வாங்கியிருந்தார்கள். பாட்காஸ்ட்டுக்குப் பேசியவர் எப்எம்முக்கும் சம்மதித்தார் என்று எப்படிச் சொல்வது? ஆகாசவாணியில் பேச வருகிறவர் எவரானாலும் ஒப்பந்தத் தாளில் கையெழுத்தும் அதற்கொரு சன்மானமும் உண்டு என்றார் சார். அலுவலகச் சடங்கு என்று இளையவர்கள் சிரித்த விஷயம் அது. இப்போது ஒரு பக்கத் தமிழ்ப் படிவம் தயாரானது. படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டி, அவர் சம்மதம் சொல்வதை ஒலியாகவே பதிவு செய்து வைப்பது என்றும் முடிவாயிற்று.

சினிமாப் பாட்டை நிறுத்திவிட்டார்கள். உள்ளூர் நாதஸ்வரக் கலைஞர் ஒருவருக்குப் பணம் கொடுத்து, எழுத்து மூலம் உரிமை பெற்று, சில சிறு துண்டுகளை வாசித்துப் பதிந்துகொண்டார்கள். பழைய எபிசோடுகளை மைனஸ் 16க்குக் கொண்டுவரும் வேலை எடிட்டருடையது. மோட்டார் சத்தத்தைத் தனியாக அடக்கி, குரல்களைத் தனித்தனியாகச் சமன்செய்ய வேண்டியிருந்ததால் அது இழுத்தது. பெரிய கருவி எதையும் வாங்கவில்லை.

அப்புறம் நடந்தது

சத்தம் பற்றிய புகார்கள் ஏறக்குறைய நின்றுவிட்டன. கடைசி வரை கேட்பவர்கள் கூடியதாக எடிட்டர் சொல்கிறார். அதற்கு ஒலி மட்டும்தான் காரணமா, தண்ணீர் விஷயத்தில் இருந்த ஆர்வம் காரணமா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

எப்எம் நிலையம் சில மாதம் பதிலே சொல்லவில்லை. பிறகு பொங்கலை ஒட்டி, மாடு வளர்ப்பு, புதுநெல் பற்றிய சில எபிசோடுகளை மட்டும் குழு கேட்ட நிபந்தனையிலேயே எடுத்துக்கொண்டது. பணம் முதலில் சொன்னதைவிடக் குறைவு, தாமதமாகவும் வந்தது. கண்காட்சியில் அறிமுகமான ஒரு சமுதாய வானொலிக்காரர் பணம் எதுவும் இல்லாமல் விதைநெல் வரிசையைக் கேட்டு வாங்கி ஒலிபரப்பினார். 100 வாட் அளவிலான அந்த நிலையத்தின் வீச்சு சுற்று வட்டாரத்தைத் தாண்டாது. ஆனால் அங்கிருந்து வந்த தொலைபேசி அழைப்புகளில் பல, போனில் பாட்காஸ்ட் கேட்காத வயதானவர்களுடையவை. எடிட்டரைச் சற்று அசைத்தது இதுதான் என்று நினைக்கிறேன். கருத்து முழுக்க மாறிவிடவில்லை. கண்காட்சியைப் பற்றி இன்றும் அவர் ‘எல்இடி திருவிழா’ என்றே பேசுகிறார்.

மறுபடி செய்தால்

மூவரும் போயிருக்க வேண்டாம்; சாரும் எடிட்டரும் போதும் என்பது குழுவின் கணக்கு. பார்க்க வேண்டியவர்களுக்கு முன்கூட்டியே எழுதி நேரம் வாங்கியிருக்கலாம். முதல் நாள் முழுவதும் பெரிய அரங்குகளில் கழிந்தது அப்படிச் செய்யாததால்தான். சொந்த ஒலிக்கோப்பும் ஹெட்போனும் கையில் இருந்தது மட்டும் சரியான ஏற்பாடு. அது இல்லாமல் போயிருந்தால் அந்தப் பொறியாளரிடம் பேச விஷயமே இருந்திருக்காது. சம்மதப் படிவம் முதல் எபிசோடிலிருந்தே இருந்திருக்க வேண்டும். பழைய ஆட்களைத் தேடிப்போய்க் கையெழுத்து வாங்குவது இன்னும் முடியவில்லை, ஒருசிலர் இறந்தும் போய்விட்டார்கள். அந்த எபிசோடுகளை வேறு எவருக்கும் கொடுப்பதில்லை என்று வைத்திருக்கிறார்கள்.

ஸ்டாலில் உட்காராத முடிவை மட்டும் மூவரும் இன்றும் மாற்றிக்கொள்ள மாட்டோம் என்கிறார்கள். இப்போது அதே எப்எம் நிலையம், நிகழ்ச்சியை வீடியோவாக எடுத்துத் தங்கள் யூடியூப் சேனலில் போடலாமா என்று கேட்டிருக்கிறது. கேமரா வந்தால் நீர்க்கட்டி பேசுவாரா என்பது தொகுப்பாளரின் சந்தேகம். யூடியூப்பில் போட்டால் செய்திக் கட்டுப்பாடு இல்லையே, மேட்டூர் வரிசையை அங்கே போடச் சொல்லிக் கேட்கலாம் என்பது எடிட்டரின் யோசனை. முதலில் உரிமைப் பிரிவை அனுப்பச் சொல்லுங்கள் என்று சார் சொல்லியிருக்கிறார். அந்தத் தாளுக்காகக் காத்திருக்கிறார்கள்.